கோதுமை நிலத்திலிருந்து நெல் நிலத்துக்கு: சீனத்தில் உண்ட நாட்கள்

நவம்பர் 4, பெய்ஜிங்

வாத்து சுடுவதில் பெய்ஜிங்கில் இரண்டு மரபுகள் உள்ளன. அடுப்பை முன்கூட்டியே காயவைத்து, வாயை மூடிவிட்டு, சுவர்களில் தங்கிய வெப்பத்திலேயே வாத்தை வேகவிடுவது பழைய மரபு. திறந்த அடுப்பில் கொக்கியில் தொங்கவிட்டு, பேரி, பீச், சீன இலந்தை ஆகிய பழமரங்களின் விறகுத் தீயில் சுடுவது அடுத்து வந்தது; 1864 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுவான்ஜுதே உணவகத்தால் இது புகழ்பெற்றது. இன்று பெரும்பாலான கடைகளில் காண்பது இந்த இரண்டாம் முறையைத்தான்.

நான் சென்றது ஒரு ஹூதோங் சந்துக்குள் இருந்த நடுத்தரமான கடை. அரை வாத்துக்கு 138 யுவான், அதாவது ஏறத்தாழ 1,650 ரூபாய் வாங்கினார்கள். வெளியே நான்கு டிகிரிக் குளிரும், உதட்டை வெடிக்க வைக்கும் வறண்ட காற்றும் இருந்தன. உட்கார்ந்தவுடன் கேட்காமலேயே கண்ணாடிக் குவளையில் வெந்நீர் வைத்தார்கள். இங்கே குளிர்ந்த நீரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வாத்தின் தோலுக்கும் கொழுப்புக்கும் இடையே காற்றை ஊதிப் பிரித்து, மேலே கொதிநீரை ஊற்றி, மால்ட் பாகு பூசி, நெடுநேரம் காற்றில் உலரவிட்ட பிறகுதான் அது அடுப்புக்குச் செல்கிறது. அதனால்தான் தோல் கண்ணாடிச் சில்லாக நொறுங்குகிறது. கொழுப்பு உருகி வடிந்துவிடுவதால் வாயில் எண்ணெய்ப் பிசுக்கும் தங்குவதில்லை. சமையற்காரர் தள்ளுவண்டியோடு வந்து, மேசைக்கு அருகிலேயே நின்று, தோலும் சதையும் சேர்ந்து வருமாறு மெல்லிய துண்டுகளாகச் சீவி அடுக்கினார்.

அடுக்கிய தட்டைப் பார்த்தபடி நான் தயங்கியிருந்தபோது, பக்கத்து மேசையில் பேரனோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர், என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல், தம் தட்டில் எல்லாவற்றையும் எனக்குத் தெரியும்படி மெதுவாகச் செய்து காட்டினார். மார்புப் பகுதித் தோலை முதலில் வெறும் சர்க்கரையில் தொட்டு உண்ண வேண்டும். பிறகு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய கோதுமை அப்பத்தைக் கையில் விரித்து, இனிப்பான நொதித்த மாவுக் குழம்பை ஒரு கோடாக இழுத்து, வெங்காயத்தாளும் வெள்ளரியும் இரண்டு மூன்று துண்டு வாத்தும் வைத்து, அடிப்பக்கத்தை மடித்துவிட்டுச் சுருட்ட வேண்டும். அடி மடிக்கப்படாவிட்டால் குழம்பு சட்டைக் கையில் வழியும். நான் சரியாகச் சுருட்டியதும் அவர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுத் தம் பேரனிடம் திரும்பிக்கொண்டார். எஞ்சிய எலும்பை உள்ளே எடுத்துச் சென்று, வெண்மையான சூப்பாகக் கொதிக்க வைத்துக் கடைசியில் கொண்டு வந்தார்கள். உப்பைத் தவிர அதில் அதிகம் ஒன்றும் இல்லை. அந்தக் குளிருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நவம்பர் 6, லான்ஜோ

நேற்று மாலை புறப்பட வேண்டிய விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாயிற்று. காரணத்தை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. லான்ஜோ விமான நிலையமோ நகரத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; அறைக்கு வந்து படுத்தபோது மணி மூன்றாகிவிட்டது. ஆனாலும் காலை ஏழு மணிக்கு எழுந்தே ஆக வேண்டியிருந்தது, ஏனெனில் லான்ஜோவின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் காலை உணவு. நல்ல கடைகளில் பல, மதியத்துக்குப் பின் அடுப்பை அணைத்துவிடுகின்றன.

முதலில் பணம் செலுத்திச் சீட்டு வாங்க வேண்டும். என் கைப்பேசியில் இருந்த கட்டணச் செயலி, வெளிநாட்டு அட்டை என்பதாலோ என்னவோ, மூன்று முறையும் சுழன்று சுழன்று நின்றுவிட்டது. நான் நீட்டிய நூறு யுவான் தாளுக்குச் சில்லறை இல்லை என்று கல்லாவில் இருந்த பெண் வருத்தத்தோடு கையை விரித்தார். பின்னால் நீண்ட வரிசை நின்றது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கல்லூரி மாணவர் தம் கைப்பேசியைக் காட்டி என் 9 யுவானையும் சேர்த்துச் செலுத்திவிட்டார். நான் பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்று சைகையில் கேட்டதற்கு, சுவரில் ஒட்டியிருந்த படத்தைச் சுட்டிக்காட்டி, எந்த அளவு நூடுல்ஸ் வேண்டும் என்பதைத்தான் அவர் திரும்பக் கேட்டார்.

அந்தத் தேர்வு இங்கே மிக முக்கியமானது. மயிரிழை அளவு மெல்லியதிலிருந்து இடுப்புவார் அளவு அகன்றது வரை பல தடிமன்கள் உள்ளன; சீட்டை அடுக்களைச் சாளரத்தில் கொடுக்கும்போது வேண்டியதைச் சொன்னால், நம் கண் முன்னே அதை இழுத்துத் தருகிறார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைப் போன்ற அதே அலட்சியமான திறமையோடு, இளைஞர் ஒருவர் மாவுத் திரியை இரு கைகளாலும் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, ஒவ்வொரு மடிப்பிலும் இழைகளை இரட்டிப்பாக்கிக் கொதிக்கும் அண்டாவில் எறிந்தார். மாவு அறுந்துபோகாமல் இப்படி நீள்வதற்குக் காரச் சத்து வேண்டும். அதற்காக இப்பகுதியின் வறண்ட நிலச் செடி ஒன்றை எரித்த சாம்பலைக் கரைத்துச் சேர்ப்பது பழைய வழக்கம். மாணவர் எனக்காகத் தேர்ந்தது பூண்டுத்தாள் அகலத்தில் தட்டையாக இழுக்கும் வகை. சூப்பு அதில் நன்றாக ஒட்டுகிறது.

இந்த ஊரில் ஒரு கிண்ணத்தை ஐந்து நிறங்களால் மதிப்பிடுகிறார்கள்: சூப்பு தெளிவாக இருக்க வேண்டும், முள்ளங்கி வெண்மையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, கொத்தமல்லியும் பூண்டுத்தாளும் பச்சையாக, நூடுல்ஸ் இளமஞ்சளாக இருக்க வேண்டும். சீன முஸ்லிம் இனத்தவரான ஹுய் மக்களின் உணவு இது. 1915 ஆம் ஆண்டளவில் மா பாவ்ஸி என்பவர் தோளில் தூக்கி விற்றுப் புகழ்பெறச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. மேலே மிதக்கும் எண்ணெயின் சிவப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அதில் மணம்தான் அதிகம், உறைப்புக் குறைவு. அடியில் இருக்கும் சூப்பு, பல மணி நேரம் எலும்பு கொதித்த பிறகும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதுதான் வியப்பு. மதியம் மஞ்சளாற்றின் மேல் 1909 இல் கட்டி முடித்த இரும்புப் பாலத்தில் சிறிது நடந்தேன். உறக்கம் கண்ணை இழுத்ததால் வேறு எதையும் பார்க்கவில்லை.

நவம்பர் 7, சியான்

சியானில் வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. புகைமூட்டத்தில் முரசுக் கோபுரத்தின் மேல்மாடம் மங்கலாகவே தெரிந்தது. கோபுரத்துக்கு வடக்கே தொடங்குகிறது ஹுய் மக்களின் குடியிருப்பு. தாங் அரச மரபின் காலத்தில், 742 ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கருதப்படும் பெரிய பள்ளிவாசல் அதன் நடுவே இருக்கிறது. முகப்புத் தெருவில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் தாங்க முடியாதது; குச்சியில் கோத்த ஆட்டிறைச்சி, பொரித்த பெர்சிமன் பழ அப்பம், மாதுளைச் சாறு என ஒவ்வொரு கடையும் கூவி அழைக்கிறது. பக்கச் சந்துகளில் நுழைந்துவிட்டால் விலையும் இரைச்சலும் ஒன்றாகக் குறைகின்றன.

அப்படிப்பட்ட சந்து ஒன்றில்தான் யாங்ரோ பாவ்மோ உண்டேன். விலை 35 யுவான். ஆட்டிறைச்சிச் சூப்பில் ரொட்டி என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் பரிமாறுபவர் முதலில் கொண்டு வந்து வைப்பது ஒரு வெற்றுக் கிண்ணமும், கல்லாக இறுகிய, அரைகுறையாகப் புளிக்கவைத்த இரண்டு வட்ட ரொட்டிகளும் மட்டுமே. அவற்றை உண்பவர்தான் சோயா மொச்சை அளவுக்குப் பிய்க்க வேண்டும். சிறிதாகப் பிய்த்தால்தான் சூப்பு உள்ளே இறங்கும்; பெரிதாக இருந்தால் வெளியே கூழாகி உள்ளே மாவாகவே நிற்கும். எதிரில் இருந்த முதியவர் என் கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதையே நான்காகக் கிள்ளிப் போட்டுக் காட்டினார். கடை முழுவதும் மக்கள் பேசிக்கொண்டே பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தில் மருமகள் தம் மாமியாரின் பங்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, கட்டைவிரல் நுனி சிவந்துபோயிற்று.

பிய்த்த கிண்ணத்தில் எண் பொறித்த ஒரு வில்லையைப் போட்டு உள்ளே எடுத்துச் செல்கிறார்கள். சமையற்காரர் துண்டுகளின் அளவைப் பார்த்தே இந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு நேரம் தீ வேண்டும் என்று முடிவு செய்கிறாராம். சூப்பே தெரியாமல் வற்றவைத்ததாகவோ, கடைசியில் ஒரு வாய் சூப்பு எஞ்சும்படியோ, நடுவில் ரொட்டியும் சுற்றிலும் சூப்புமாகவோ கேட்டு வாங்கலாம்; கடைசி வகைக்கு ‘நீர் சூழ்ந்த நகரம்’ என்று பெயர். நான் இரண்டாவதைக் கேட்டேன். ஆட்டிறைச்சித் துண்டுகள், கண்ணாடி நூடுல்ஸ், மரக்காளான் ஆகியவற்றோடு திரும்பி வந்த கிண்ணத்தைக் கலக்கக் கூடாது என்று முதியவர் கையை அசைத்துத் தடுத்தார். ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக எடுத்து உண்டால்தான் சூடு கடைசி வரை நிற்கும். தொட்டுக்கொள்ள, காடியிலும் சர்க்கரையிலும் ஊறிய முழுப் பூண்டு. இறைச்சியின் கொழுப்பு நாக்கில் படியும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூண்டு அதைத் துடைத்துவிட்டது.

சீன உணவைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் இங்கேதான் மாறியது. அடுக்களையில் எல்லாம் முடிந்து தட்டில் வந்து இறங்குவது அன்று இது. வாத்தைச் சுருட்டுவதும், நூடுல்ஸின் அகலத்தைச் சொல்வதும், ரொட்டியைப் பிய்ப்பதும் சமையலின் கடைசிப் படிகள். அவற்றை உண்பவரின் கையில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் முன்பின் அறியாதவர்களும் அக்கறையோடு குறுக்கிட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல உணவு ஒன்று கைப்பக்குவம் தெரியாமல் பாழாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை.

நவம்பர் 8, சியான்

காலையில் ரோஜியாமோ. மண்ணடுப்பில் சுட்ட ரொட்டியைப் பிளந்து, மசாலாச் சாற்றில் நெடுநேரம் வெந்த இறைச்சியைக் கொத்தி அடைத்துத் தருவார்கள். ஹுய் தெருக்களில் மாட்டிறைச்சி, நகரத்தின் பிற இடங்களில் பன்றி இறைச்சி; 14 யுவான். நடந்துகொண்டே உண்ண இதைவிட ஏற்றது இல்லை.

மதியம் பியாங்பியாங் நூடுல்ஸ். உள்ளங்கை அகலத்துக்கு மாவை மேசையில் அடித்து அடித்து நீட்டுகிறார்கள். அந்த ஓசை தெருமுனை வரை கேட்கிறது. வெந்த நூடுல்ஸின் மேல் மிளகாய்த் தூளும் நறுக்கிய பூண்டும் வைத்து, அதன் மேல் புகையும் எண்ணெயை ஊற்றும்போது எழும் மணத்துக்காகவே இரண்டாம் முறை போகலாம். கறுப்புக் காடியை ஊற்றிக்கொள்ளாமல் உண்டால் பாதிச் சுவைதான்.

நவம்பர் 9, ரயிலில்

சியானுக்கும் செங்டுவுக்கும் இடையே 2017 டிசம்பரில் திறந்த அதிவேக ரயில் பாதை, சின்லிங் மலைத்தொடரைச் சுரங்கம் சுரங்கமாகக் குடைந்துகொண்டு போகிறது. சீனத்தை உணவால் இரண்டாகப் பிரிப்பது இந்த மலைதான். வடக்கில் மழை குறைவு, ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கும் கீழ், குளிர் கடுமை, அதனால் கோதுமை, ரொட்டி, நூடுல்ஸ். தெற்கில் ஈரம், நெல், சோறு. இருட்டுக்குள் நுழையும்போது பழுப்பாக இருந்த சரிவு, சுரங்கங்களைக் கடந்து வெளியே வந்தபோது நனைந்த பச்சையாக இருந்தது. செங்டுவில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியின் பிடி உடைந்துவிட்டதால் அறை வரை அதை அணைத்தபடியே தூக்கி வந்தேன்.

நவம்பர் 10, செங்டு

கிறித்துவுக்கு முன் 256 ஆம் ஆண்டளவில் லி பிங் என்ற ஆளுநர் கட்டத் தொடங்கிய துஜியாங்யான் நீர்ப்பாசன அமைப்பு இன்றும் இந்தச் சமவெளிக்கு நீரைப் பகிர்ந்து அளிக்கிறது. அந்த வளத்தில் பிறந்த சமையலுக்காகத்தான் 2010 இல் யுனெஸ்கோ செங்டுவை உணவுக்கலை நகரங்களில் ஒன்றாக அறிவித்தது.

இன்றைய மதிய உணவு மாபோ டோஃபு. டோஃபு என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் மென்மையான கட்டி. 1862 ஆம் ஆண்டில், நகரின் வடக்கே ஒரு பாலத்தருகே கணவரோடு கடை நடத்திய, முகத்தில் அம்மைத் தழும்பு கொண்ட சென் குடும்பத்துப் பெண் ஒருவர் இதை ஆக்கினார் என்பது மரபுச் செய்தி. எண்ணெய்ச் செக்குகளிலிருந்து சுமை தூக்கிச் செல்லும் கூலியாட்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். மலிவான டோஃபுவை, சிறிது கொத்திய மாட்டிறைச்சியோடு, சோற்றை இழுக்கும் உறைப்பில் சமைத்துப் போட்டிருக்கிறார்.

இந்தக் குழம்பின் உயிர் பிசியான் ஊரின் தோபான் விழுது. ஃபாவா அவரையையும் சிவப்பு மிளகாயையும் உப்பிட்டு, பெரிய மண்தாழிகளில் மாதக்கணக்கில், நல்ல வகையானால் ஆண்டுக்கணக்கில், வெயிலிலும் பனியிலும் கிளறி நொதிக்கவிடுகிறார்கள். எண்ணெயில் அதை வதக்கும்போது நிறமும் மணமும் இறங்குகின்றன. டோஃபுவை உப்பு நீரில் ஒருமுறை கொதிக்கவிட்டால் உடையாமல் நிற்கும். மாவுக் கரைசலை ஒரே தடவையில் ஊற்றாமல் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பதால் குழம்பு ஒவ்வொரு கட்டியையும் பற்றிக்கொள்கிறது. இறக்கியபின் மேலே, இந்த மாகாணத்தின் பெயரைக் கொண்ட சிச்சுவான் மிளகை வறுத்துப் பொடித்துத் தூவுகிறார்கள்.

அந்த மிளகு, மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. எலுமிச்சையும் நாரத்தையும் சேர்ந்த குடும்பத்தின் செடி. கறுப்பு விதையை எறிந்துவிட்டுச் செந்நிற மேலோட்டை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் உதட்டிலும் நாக்கிலும் தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுவதால், நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகள் கொண்ட ஒரு நடுக்கத்தை நாம் உணர்கிறோம் என்று 2013 இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். முதல் கரண்டியில் எலுமிச்சைத் தோலின் மணமும், மூன்றாவதில் உதடுகளின் துடிப்பும், அதன் பின் மிளகாயின் எரிச்சலைத் தாங்கும் ஒரு மரத்த நிலையும் வந்தன. உறைப்புக்குப் பழகிய தமிழ் நாக்குக்கும் இது முற்றிலும் புதிய அனுபவம். மிளகாய் இருவருக்கும் வந்து சேர்ந்த கதை மட்டும் ஒன்றே: அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்வழியாக, 16 ஆம் நூற்றாண்டில். சீனத்தில் முதலில் அதை அழகுச் செடியாகத்தான் குறித்து வைத்தார்கள். நமக்கு அதற்கு முன் மிளகு இருந்தது. இவர்களுக்கு இந்தச் செந்நிற ஓடு இருந்தது. 28 யுவானுக்கு வந்த கிண்ணத்தோடு இரண்டு முறை சோறு வாங்கினேன், சோற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

நவம்பர் 11, செங்டு

மழை விட்டதால் மக்கள் பூங்காவின் தேநீர்த் தோட்டத்தில் மூங்கில் நாற்காலியில் காலை முழுவதும் அமர்ந்திருந்தேன். மூடியிட்ட கிண்ணத்தில் மல்லிகைத் தேநீர் 25 யுவான். வெந்நீர் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

மதியம் கோங்பாவ் கோழி. சிச்சுவானின் ஆளுநராக இருந்த திங் பாவ்ஜென் (1820–1886) என்பவரின் பதவிப் பட்டத்தால் பெயர் பெற்றது. வேர்க்கடலைக்குச் சமமான அளவில் கோழியை நறுக்கி, வற்றல் மிளகாயோடு கொழுந்துவிடும் தீயில் ஓரிரு நிமிடத்தில் புரட்டி எடுக்கிறார்கள். இனிப்பும் புளிப்பும் லிச்சிப் பழத்தின் நினைவு வருமாறு சமன் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது இலக்கணம். தக்காளிச் சாறு ஊற்றிச் செய்த பிற நாட்டு நகல்களை உண்டு வெறுத்தவர்கள் இதை ஒருமுறை இங்கே உண்டு பார்க்க வேண்டும்.

மாலையில் தான்தான் நூடுல்ஸ், 9 யுவான், மூன்று வாயில் தீர்ந்துவிடும் சிறு கிண்ணம். முன்பு காவடி கட்டித் தெருத்தெருவாகத் தூக்கி விற்றதால் அளவு சிறியது. அடியில் கிடக்கும் எள் விழுதையும் ஊறவைத்த கடுகுக்கீரைத் துணுக்குகளையும் மேலே வரும்படி உண்பவர் கலக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடையின் மூலையில் ஊறுகாய்த் தாழிகள் இருந்தன. தாழியின் கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம். அதில் நீர் ஊற்றி, மூடியைக் கவிழ்த்தால் உள்ளே உண்டாகும் வாயு நீர்வழியே குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது. எண்ணெய் இல்லாமல், உப்பு நீரிலேயே முள்ளங்கியும் முட்டைக்கோசும் மொறுமொறுப்பாக ஊறுகின்றன. கடைக்காரப் பெண் மூடியைத் திறந்து காட்டியதோடு, ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர் 12, சோங்சிங்

யாங்சி, ஜியாலிங் ஆறுகள் கலக்கும் இடத்தில், மலைமேல் ஏறி நிற்கும் நகரம். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. எங்கும் படிகள், பிடி உடைந்த பெட்டியோடு அவற்றில் ஏறியதில் தோள் இரண்டும் வலித்தன.

இந்த ஊரின் ஹாட்பாட், துறைமுகக் கூலிகளும் படகோட்டிகளும், பிறர் வாங்காத குடலையும் இரைப்பையையும் காரச் சட்டியில் வேகவைத்து உண்டதிலிருந்து வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். உறைந்த மாட்டுக் கொழுப்பு, வற்றல் மிளகாய், சிச்சுவான் மிளகு, தோபான் விழுது எல்லாம் சேர்ந்த சிவப்புக் குழம்பு மேசை நடுவில் கொதிக்கிறது. சட்டியை ஒன்பது கட்டங்களாகத் தட்டியால் பிரித்திருக்கிறார்கள். நடுக்கட்டம் வேகமாகக் கொதிப்பதால் அங்கே நொடிகளில் வேக வேண்டியவை. மூலைகளில் தீ மட்டாக இருப்பதால் வாத்து ரத்தக் கட்டியும் மூளையும் போன்று நெடுநேரம் கிடக்க வேண்டியவை.

இரைப்பை மடிப்பைக் குச்சியால் பற்றி, கைவிடாமல், ஏழு முறை மேலே தூக்கி எட்டு முறை கீழே அமிழ்த்த வேண்டும் என்று பரிமாறிய இளைஞர் விரல்களால் எண்ணிக் காட்டினார். ஏறத்தாழ பதினைந்து நொடி. அப்போது அது சுருண்டு, கடிக்கும்போது நொறுங்குகிறது. கூடுதலாக விட்டால் ரப்பராகிவிடும். எடுத்ததை நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் கலந்த கிண்ணத்தில் முக்கி உண்கிறார்கள். எண்ணெய் நாக்கில் ஒரு படலமாகப் படிந்து உறைப்பைத் தணிக்கிறது. குறைந்த காரம் கேட்டும் வியர்வை புருவத்தில் இறங்கியது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் குளிர்ந்த புளிப்புப் பிளம் சாற்றுக் குடுவையை என் பக்கம் நகர்த்தி வைத்து, குடிக்கும்படி கையால் கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சாறு நன்றாக வேலை செய்தது. மொத்தம் 96 யுவான். கடை தந்த மேலங்கியையும் மீறிச் சட்டையில் கொழுப்பின் மணம் ஏறிவிட்டது. இருமுறை துவைத்தும் போகவில்லை.

நவம்பர் 13, சோங்சிங்

நேற்றைய காரம் வயிற்றில் இன்னும் இருந்தது. ஆனாலும் சியாவ்மியான் என்ற நூடுல்ஸை உண்ணாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்புவது முறையாகாது. சரிவான தெருவின் ஓரத்தில் உயரமான பிளாஸ்டிக் முக்காலியே மேசை, குட்டையான முக்காலியே இருக்கை. கிண்ணத்தில் சோயா, காடி, மிளகாய் எண்ணெய், சிச்சுவான் மிளகுப் பொடி, பூண்டு நீர், இஞ்சி நீர், எள் விழுது, நொறுக்கிய கடலை, ஊறிய கீரை, வெங்காயத்தாள் எல்லாம் முதலிலேயே விழுகின்றன. நூடுல்ஸ் கடைசியில்தான் வருகிறது.

இங்கே 50 கிராம் கொண்ட லியாங் கணக்கில் அளவைச் சொல்லி, பக்குவத்தையும் கூவிச் சொல்கிறார்கள். சூப்பில்லாமல் வேண்டுமென்றால் கான்லியூ, சற்று விறைப்பாக எடுக்க வேண்டுமென்றால் தி-ஹுவாங், கீரை கூடுதலாக வேண்டுமென்றால் தோச்சிங். அலுவலகத்துக்கு விரைந்துகொண்டிருந்த ஒருவர் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நானும் இரண்டு லியாங், தி-ஹுவாங் என்று சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நூடுல்ஸைக் கொதிநீரிலிருந்து சற்று முன்னதாகவே அள்ளினார். 8 யுவான். நடுவில் விறைப்பு மாறாத அந்த நூடுல்ஸ், எள் விழுதும் காடியும் சேர்ந்த சாற்றைக் கடைசி இழை வரை உறிஞ்சாமல் தாங்கி நின்றது. விறைப்பாகக் கேட்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது அதற்காகத்தான்.